இரண்டு பேர் படித்தால்தான் கைநாட்டு

என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் "பொலிட்டிக்கல் சயின்ஸ்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். "இல்லை, ஐ.ஏ.எஸ். எழுதவில்லை. கட்சியிலும் சேரவில்லை." சாத்தூர் பக்கம் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் ஒருத்தி அந்தப் படிப்பைப் படிக்கக் காரணமே கிடையாது.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் பார்க்கிறார். தேர்தல் வந்தால் அவர் மேசையின் ஒரு பக்கம் உதயசூரியன் நோட்டீஸ் கட்டு, மறு பக்கம் இரட்டை இலை கட்டு. இரண்டுக்கும் ஒரே பிளேடுதான். ஹரியானாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அரசியல் படிக்கப் போகிறேன் என்றதும், "அதுக்கு எதுக்குத்தா அம்புட்டுத் தூரம்? ஒரு எலெக்சன் சீசனுக்கு எங்க பிரஸ்ல வந்து உக்காரு, எல்லாம் வெளங்கிரும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வீட்டு வருமானத்தைப் பார்த்து அந்தப் பல்கலைக்கழகம் கட்டணத்தை அநேகமாக முழுதாகத் தள்ளிவிட்டது. கணக்குப் போட்டால் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதைவிடச் செலவு குறைவு. எங்கள் வீட்டில் கணக்கு சரியாக வந்தால் வாக்குவாதம் முடிந்துவிடும்.

பல்கலைக்கழகம் சோனிபட் பக்கத்தில். எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் என்.எச். 44 (பெரியவர்களுக்கு இன்னும் அது ஏழாம் நம்பர் ரோடுதான்). கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிற ரோடு. பல்கலைக்கழக வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் வருவதும் அதே 44தான். முதல் தடவை அந்தப் போர்டைப் பார்த்தபோது போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "அப்போ நேரா வந்துரலாம்ல" என்று பதில் வந்தது. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து போகிற தூரம் அது.

லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு எப்படி என்று அப்பாவுக்குப் புரியவைக்க மூன்று வருடமும் போதவில்லை. சேர்கிற அன்று நீங்கள் அரசியல் அறிவியல் மாணவி இல்லை, வெறும் மாணவி. முதல் வருடம் எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க வேண்டும். புள்ளியியல், கிரேக்க நாடகம், சுற்றுச்சூழல், இந்திய வரலாறு, கட்டுரை எழுதுவது எப்படி என்று தனியாக ஒரு வகுப்பு. அதற்கப்புறம்தான் மேஜர் (முதன்மைப் பாடம்) எது, மைனர் (துணைப் பாடம்) எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிடிக்காத வகுப்பை முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டுவிடலாம். இதைச் சொன்னபோது, "காசு வாங்கிட்டு, பிடிக்கலன்னா வராதேன்றானா?" என்று அப்பா உண்மையாகவே அதிர்ந்துபோனார். நான் சேர்ந்தது 2021. முதல் செமஸ்டர் முழுக்க ஆன்லைன். பிளேட்டோவை எங்கள் வீட்டு மாடிப்படியில், சிக்னல் கிடைக்கிற நாலாவது படியில் உட்கார்ந்து படித்தேன்.

நேரில் போனதும் தெரிந்த முதல் விஷயம், எனக்குப் பேசத் தெரியவில்லை என்பது. பேராசிரியரின் வகுப்பு தவிர, பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து விவாதம் செய்கிற வகுப்பு ஒன்று வாரா வாரம் உண்டு. பேசினால்தான் மார்க். டெல்லிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் யோசித்து முடிப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார்கள். பேசிக்கொண்டே யோசிப்பார்கள், நடுவில் கருத்தை மாற்றிக்கொள்வார்கள், அதற்காக வெட்கப்படவும் மாட்டார்கள். நான் தமிழில் யோசித்து, இங்கிலீஷில் அடுக்கி, கிராமர் சரிபார்த்து, கையைத் தூக்கும்போது பேச்சு ரூசோவை விட்டு மார்க்ஸுக்குப் போயிருக்கும். இரண்டு செமஸ்டர் இப்படியே ஓடியது. எழுத்தில் சமாளித்துக்கொண்டேன்.

2023 ஜனவரியில் உள்ளாட்சி பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். அதில்தான் ராஜ்பாலா வழக்கைப் படிக்கக் கொடுத்தார்கள்.

வழக்கு இதுதான். 2015இல் ஹரியானா அரசு பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தியது. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு. வார்டுக்கு நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு. அதோடு முடியவில்லை. கரண்டு பில் பாக்கி இருக்கக் கூடாது, கூட்டுறவுக் கடன் பாக்கி இருக்கக் கூடாது, வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். இதை எதிர்த்துச் சில பெண்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வருடம் டிசம்பர் 10ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சரி எது, தவறு எது, நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறியும் சக்தியை மனிதருக்குத் தருவது கல்வி மட்டுமே என்று தீர்ப்பில் ஒரு வரி வரும். கழிப்பறை கட்டாதவர்களைப் பற்றி, அவர்களுக்கு வசதி இல்லாமல் இல்லை, மனம்தான் இல்லை என்கிற ரீதியில் இன்னோர் இடம் வரும்.

அந்த முதல் வரியை நான் ஹாஸ்டல் அறையில் இரவு பதினோரு மணிக்குப் படித்தேன். கோபம் வரவில்லை. எங்கள் அப்பத்தா ஞாபகத்துக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா 1996இலிருந்து 2001 வரை எங்கள் ஊராட்சியில் வார்டு மெம்பர்.

மறுநாள் வகுப்பில் ஒரு பையன் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசினான். நல்ல பையன்தான், வாதமும் மோசமில்லை. பஞ்சாயத்துக்கு இப்போது நிறையப் பணம் வருகிறது, கணக்குப் பார்க்கத் தெரியாதவரை அதிகாரிகள் ஏமாற்றிவிடுவார்கள் என்றான். நான் கையைத் தூக்கினேன். இந்தத் தடவை இங்கிலீஷில் அடுக்கவில்லை, நேராகச் சொல்லிவிட்டேன். எங்கள் சாத்தூர் தொகுதியில் 1957, 1962 என்று இரண்டு தடவை ஜெயித்தவர் காமராஜர். பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காதவர். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தார். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இந்த நாட்டில் படிப்புத் தகுதி கிடையாது. அதனால் அவர் இன்றைக்கு ஹரியானாவில் முதலமைச்சர் ஆகலாம், ஆனால் இதோ இந்தக் காம்பவுண்ட் சுவருக்கு வெளியே இருக்கிற ஊரில் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஆக முடியாது.

பேராசிரியை போர்டில் காமராஜர் என்று எழுதினார். ஸ்பெல்லிங் தப்பு. நான் திருத்தவில்லை, அன்றைக்கு அவ்வளவுதான் தைரியம்.

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. வகுப்பு முடிந்ததும் அறைக்கு வரச்சொல்லி, "காமராஜரை வைத்து ஜெயிப்பது சுலபம், அவர் விதிவிலக்கு. விதிவிலக்காக இல்லாதவர்களைப் பற்றிச் சொல்" என்றார். அப்போதுதான் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னேன். "அப்படியானால் செமஸ்டர் பேப்பரை அதிலேயே எழுது. ஆனால் பாட்டியை மட்டும் வைத்து எழுதாதே. இங்கே ஓர் ஊருக்கும் போய்விட்டு வா."

பல்கலைக்கழகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊருக்கு மூன்று சனிக்கிழமை போனேன். பிப்ரவரி கடைசி. ரோட்டின் இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாக இருந்தது. 2022 கடைசியில் அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்திருந்தது. பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று மாற்றிய பின் நடந்த முதல் தேர்தல். அந்த ஊர் சர்பஞ்ச் ஓர் இளம்பெண், பி.ஏ. படித்தவர். என் இந்தி அரைகுறை, என்னோடு வந்த தோழிக்கு ஹரியான்வி புரியும். வாசலில் கயிற்றுக் கட்டிலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார். சர்பஞ்ச் முக்காடு போட்டுக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மாமனார் பத்தாவது தேறாதவர். 2015 வரை வீட்டில் அவர்தான் தேர்தலில் நிற்பாராம். சட்டம் வந்தபின் படித்த மருமகளைத் தேடிக் கட்டிவைத்தோம் என்று ஒளிவுமறைவில்லாமல், கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். படிப்புத் தகுதி அந்த வீட்டுக்குள் போய் வரதட்சிணைப் பட்டியலில் ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை மாமனார் ஊரில் இல்லை. போராட்டத்துக்குப் போயிருந்தார். அந்த மாதங்களில் ஹரியானா முழுக்கச் சர்பஞ்சுகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். 2 லட்சம் ரூபாய்க்கு மேல் எந்த வேலையானாலும் இ-டெண்டர், அதாவது ஆன்லைனில் டெண்டர், விட வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. பஞ்ச்குலா வரைக்கும் போய் உட்கார்ந்தார்கள், தடியடி வாங்கினார்கள். மார்ச்சில் வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. எனக்கு இதில்தான் சிரிப்பு வந்தது. படித்தவர்கள்தான் பஞ்சாயத்தை நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய் வாதாடிய அரசு, அப்படிப் படித்தவர்கள் வந்தபிறகு, ஒரு தெருவுக்குச் சிமெண்ட் போடுகிற காசை அவர்கள் கையில் கொடுக்க நம்பவில்லை. ஊழலைத் தடுக்க இ-டெண்டர் வேண்டும் என்பது தனி வாதம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அப்படியானால் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் எதற்காக?

அன்றைக்குச் சர்பஞ்ச் எங்களோடு முக்கால் மணி நேரம் பேசினார். முக்காடு பாதி நெற்றி வரை ஏறியிருந்தது. செல்போனில் பஞ்சாயத்துக் கணக்கு எல்லாம் வைத்திருந்தார். மாமனாருக்குத் தெரியாத ஒரு விஷயம் அதில் இருந்தது, அதை நான் எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பேப்பரிலும் எழுதவில்லை.

அதே இரவு அப்பத்தாவுக்கு போன் போட்டேன். சட்டத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். படிப்பு, சரி. கக்கூஸ், சரி. கூட்டுறவு பாக்கி என்றதும் நிறுத்தினார். "பேங்க் பாக்கி இருந்தா நிக்கக் கூடாதா? அப்போ நம்மூர்ல எலெக்சனே கெடையாது. ஆபீசர்தான் வந்து ஆளணும்." அப்புறம் அவர் கதையைக் கேட்டேன். துண்டு துண்டாகத் தெரிந்த கதைதான், முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, 1994இல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நிற்பதற்குத் தயாராக இருந்தவர் தாத்தா. எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. தாத்தா ஒரு நாள் சாப்பிடவில்லையாம். மறுநாள் அப்பத்தா பேரில் மனு போட்டுவிட்டு வந்தார். ஓட்டுக் கேட்டதெல்லாம் தாத்தாதான். ஜெயித்தபின் கூட்டத்துக்குப் போனதும் அவர்தான். தீர்மானப் புத்தகம் மட்டும் வீட்டுக்கு வரும், அப்பத்தா அடுப்படியிலிருந்து வந்து கைநாட்டு வைத்துவிட்டு மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போவார்.

ஒரு வருடம் கழித்து ஒரு நாள் தண்ணீர்க் குழாய். எங்கள் தெருவுக்கு வர வேண்டிய பைப் லைன் மேலத் தெருவில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் எல்லாம் குடத்தோடு வீட்டு வாசலுக்கு வந்து, "மெம்பரு, நீங்கதானே கையெழுத்துப் போட்டீக" என்று கேட்டிருக்கிறார்கள். தீர்மானத்தில் இருந்தது மேலத் தெரு என்றுதான். கீழே அப்பத்தாவின் பெருவிரல். தாத்தாவுக்கு அது தெரிந்திருந்ததா, யாரிடமாவது ஏதாவது வாங்கினாரா என்று நான் கேட்டேன். "செத்தவுகளப் பத்தி எதுக்கு" என்றார். அதிலேயே பதில் இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அப்பத்தா தானே போனார். தீர்மானத்தை எழுத்தர் வாசிப்பார். அப்பத்தா உடனே கைநாட்டு வைக்க மாட்டார். வெளியே போய் ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டு, அதே பக்கத்தை அவள் வாசிக்கச் சொல்வார். இரண்டு வாசிப்பும் ஒன்றாக இருந்தால் கைநாட்டு. வேறு வேறாக இருந்தால் சண்டை. எழுத்தருக்கு இது பெரிய அவமானம், தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "எழுத்தர் பொய் சொல்றார்னு நான் சொல்லலையே, எனக்குக் காது மந்தம்" என்றாராம் அப்பத்தா. காதில் ஒன்றும் கோளாறு கிடையாது, இன்றைக்கும் அடுத்த வீட்டில் பேசுவது கேட்கும். பைப் லைன் எட்டு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்தது.

இதைப் பேப்பரில் எப்படி வைப்பது என்பதுதான் பெரிய பாடு. பெண்கள் தலைமை பற்றி வகுப்பில் ஓர் ஆய்வு படித்திருந்தோம். ராகபேந்திர சட்டோபாத்யாயும் பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோவும் 2004இல் வெளியிட்டது. மேற்கு வங்கத்தில் பீர்பூம், ராஜஸ்தானில் உதய்பூர், மொத்தம் 265 பஞ்சாயத்துகள். தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், பெண்கள் கேட்கிற காரியங்களுக்கு அதிகம் செலவாகியிருந்தது. இரண்டு இடத்திலும் குடிதண்ணீர் அதில் ஒன்று. அதைப் படித்தபோது குழாய் ஞாபகம் வந்து எனக்குப் புல்லரித்தது. ஆனால் அந்த ஆய்வுக்குள் அப்பத்தாவைச் சும்மா நுழைத்துவிட முடியாது. அவர் தலைவர் இல்லை, வார்டு மெம்பர். முதல் வருடம் முழுக்க அவர் வெறும் பெயர். புத்தகங்களில் அதற்கு 'பினாமி வேட்பாளர்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போட்டால் முதல் வருடம் சரியாகப் பொருந்தும். மற்ற நாலு வருடம் வெளியே நிற்கும். சோனிபட் மருமகளையும் அதே பெட்டியில் போடலாம், அவர் செல்போனில் இருந்ததை மட்டும் வெளியே எடுத்துவைத்துவிட்டு. பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் உற்றுப் பார்க்கத் தோன்றுவதில்லை. நான் படித்த படிப்பின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இது. சொல்லப்போனால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே படிப்புதான், அதனால் அதிகம் திட்டவும் முடியவில்லை.

பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பி பிளஸ் வந்தது. ஓரத்தில் பேராசிரியை எழுதியிருந்த குறிப்பு: 'பாட்டியிடம் நீ மயங்கிவிட்டாய். நான்காம் பக்கத்தில் மட்டும் தப்பித்திருக்கிறாய்.' நான்காம் பக்கத்தில்தான், தாத்தா தனக்குப் பதிலாக நிறுத்திய பெயரளவு வேட்பாளர் அவர், முதல் வருடம் தான் எதில் கைநாட்டு வைக்கிறோம் என்று அவர் கேட்கவே இல்லை என்று எழுதியிருந்தேன்.

மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போனேன். "என்னையப் பத்தி எழுதுனியாமே, படி" என்றார் அப்பத்தா. சாயங்காலம், திண்ணை, மடியில் முருங்கைக்கீரை. ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஹரியானா மாமனார் வரும் இடத்தில் ரசித்துச் சிரித்தார். குழாய் வரும் இடத்தில் கீரை உருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் சிவகாசியில் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருடம்.

"இந்தாத்தா, இத நீ ஒருக்காப் படி."

எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெண் திக்கித் திக்கித்தான் படித்தாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. நான்காம் பக்கம் வந்தபோது ஒரு தடவை என்னைப் பார்த்தாள், அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அதையும் தமிழில் சொல்லி முடித்தாள்.

அப்பத்தா என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை.

"உள்ளதுதானே எழுதிருக்க. அத ஏன் விட்டுட்டுப் படிச்ச?"